சூத்திரமும் பிராம்ப்டும்: பங்குகளைச் சலிக்க இரண்டு வழிகள்

“இந்தியப் பங்குச் சந்தையில் கடன் குறைந்த, லாபம் ஆண்டுதோறும் கூடிவரும், விலை மலிவாகக் கிடைக்கும் பத்துப் பங்குகளைச் சொல்.” இப்படியொரு வரியை, அதாவது ஒரு பிராம்ப்டை, சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ தட்டினால் சில நொடிகளில் பட்டியல் வந்துவிடும். ஒவ்வொரு பெயருக்கும் கீழே இரண்டு மூன்று வரியில் காரணம், கூடவே பி.இ. (விலை-லாப விகிதம்) எவ்வளவு, ஆர்.ஓ.சி.இ. (தொழிலில் போட்ட மூலதனத்தின் மீதான வருவாய்) எவ்வளவு என்ற எண்கள், கடைசியில் முதலீட்டு ஆலோசகரைக் கலந்தாலோசியுங்கள் என்ற எச்சரிக்கை. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியான பிறகு பங்கு தேடும் பழக்கம் பலருக்கு இப்படி மாறிவிட்டது. அதற்கு முன் இதே தேவைக்கு, பங்குகளைச் சலித்துத் தரும் ஸ்கிரீனர் தளங்களில் சூத்திரம் எழுதினோம். இன்றும் பலர் எழுதுகிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒரே வேலைதான்: அங்கே எண்களால் கேட்டோம், இங்கே பேசுவதுபோல் கேட்கிறோம். உள்ளே நடப்பது முற்றிலும் வேறு. அது தெரியாமல் ஒன்றின் இடத்தில் மற்றொன்றை உட்காரவைத்தால் போவது கைக்காசு. அதனால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சூத்திரத்தால் பங்கைச் சலிக்கும் பழக்கம் கணினிக்கு முந்தியது. பெஞ்சமின் கிரஹாம் 1949-இல் வெளியிட்டுப் பின்னர் திருத்தி எழுதிய ‘தி இன்டலிஜென்ட் இன்வெஸ்டர்’ நூலில், ஆபத்தை விரும்பாத முதலீட்டாளருக்கென்று சில அளவுகோல்களைத் தந்தார். நடப்புச் சொத்து நடப்புக் கடனைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். பத்து ஆண்டுகளில் ஓர் ஆண்டுகூட நட்டம் கூடாது. இருபது ஆண்டுகளாக விடாமல் டிவிடெண்டு தந்திருக்க வேண்டும். விலை, சராசரி லாபத்தைப்போல் 15 மடங்கையும் புத்தக மதிப்பைப்போல் ஒன்றரை மடங்கையும் தாண்டக் கூடாது. 2000-ஆம் ஆண்டில் ஜோசப் பியட்ரோஸ்கி என்ற கணக்கியல் பேராசிரியர், நிதி அறிக்கையிடம் கேட்க ஒன்பது கேள்விகளை முன்வைத்தார். லாபம் உண்டா, தொழிலிலிருந்து ரொக்கம் வந்ததா, அந்த ரொக்கம் கணக்கில் காட்டிய லாபத்தைவிட அதிகமா, கடன் குறைந்ததா, புதுப் பங்கு வெளியிடாமல் இருந்தார்களா என்று போகும். ஆம் என்றால் ஒரு மதிப்பெண், இல்லை என்றால் பூஜ்யம். காகிதமும் பேனாவும் உள்ள யாரும் அதே கணக்கைப் போட்டு அதே விடையைப் பெறலாம்.

இன்றைய ஸ்கிரீனர் தளத்தில் ஒருவர் எழுதும் சூத்திரம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: சந்தை மதிப்பு 500 கோடி ரூபாய்க்கு மேல், ஆர்.ஓ.சி.இ. 15 சதவீதத்துக்கு மேல்; கடன்-மூலதன விகிதம் 0.5-க்குள், பி.இ. 20-க்குள், புரமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதன்மைப் பங்குதாரர்) அடகு வைத்த பங்கு பூஜ்யம். மும்பை பங்குச் சந்தையில் 5,000-க்கும் அதிகமான நிறுவனங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. தளத்தின் தரவில் உள்ள ஒவ்வொன்றும் இந்த ஐந்து நிபந்தனைகளுக்குள் நுழைந்துதான் வெளியே வரும். பெயர் தெரிந்தது, தெரியாதது என்ற பாகுபாடு இல்லை. யாரும் பேசாத ஒரு சின்ன வால்வு தயாரிப்பாளர் நிபந்தனைகளை நிறைவேற்றியிருந்தால் பட்டியலில் இருப்பார். ஊரே புகழும் நிறுவனத்தின் பி.இ. 21 என்றால் அது இருக்காது. இந்த இரக்கமின்மையைக் குறை என்பார்கள். எனக்கு அது பெரிய குணமாகப் படுகிறது. நமக்குப் பிடித்த பங்குக்காக சூத்திரம் வளைந்து கொடுக்காது. நாமேதான் எண்ணை மாற்றி வளைக்க வேண்டும், வளைத்தது நம் கண்ணுக்கும் தெரியும்.

அதே கேள்வியை பிராம்ப்டாகப் போடும்போது 5,000 நிறுவனங்கள் வரிசையில் நிற்பதில்லை. சாட்ஜிபிடி போன்றவற்றின் உள்ளே இருக்கும் மொழி மாதிரி என்பது, தான் படித்த எழுத்தின் போக்கை வைத்து அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுவது. “கடன் குறைந்த, தரமான இந்தியப் பங்கு” என்ற சொற்களுக்குப் பக்கத்தில் இணையத்தில் எந்தப் பெயர்கள் அடிக்கடி எழுதப்பட்டனவோ அவை முதலில் வரும். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், ஏசியன் பெயின்ட்ஸ் போன்ற பெயர்கள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது அதனால்தான். அவை நல்ல நிறுவனங்களாக இருக்கலாம். ஆனால் அவை சலித்து எடுக்கப்பட்டவை என்று சொல்ல முடியாது. அந்த வால்வு தயாரிப்பாளரைப் பற்றி எழுதியவர் குறைவு, ஆகவே அவர் பட்டியலுக்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. அதே கேள்வியை மறுநாள் கேட்டால் இரண்டு மூன்று பெயர்கள் மாறியிருக்கும். ஏன் மாறின என்று கேட்டால் அதற்கும் சரளமாக ஒரு காரணம் வரும். எண்கள் எந்தக் காலாண்டைச் சேர்ந்தவை என்பதும் தெளிவாக இருக்காது. பயிற்சி முடிந்த தேதியோடு நின்றுபோன எண்ணும், நேற்று இணையத்தில் தேடி எடுத்த எண்ணும் ஒரே வாக்கியத்தில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

கேள்வியே பிழையாக இருந்தாலும் பதில் வந்துவிடுகிறது என்பது இன்னொரு சிக்கல். “100 ரூபாய்க்குக் கீழே உள்ள நல்ல பங்குகள்” என்று கேட்பவர்கள் மிகப் பலர். 2023 ஜூன் 13 அன்று சென்னையின் எம்.ஆர்.எஃப். பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிறுவனத்துக்கு மொத்தம் சுமார் 42 லட்சம் பங்குகளே உண்டு என்பது அந்த விலைக்கு முக்கியக் காரணம். விலை மலிவா என்பது லாபத்தோடும் சொத்தோடும் ஒப்பிட்டால்தான் தெரியும். ஒரு பங்கின் விலையை மட்டும் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நல்ல தரகர் ஒருவரிடம் இப்படிக் கேட்டால் முதலில் கேள்வியைத் திருத்துவார். மொழி மாதிரி பெரும்பாலும் கேட்டவரின் போக்கிலேயே போய்ப் பட்டியலைக் கொடுத்துவிடுகிறது.

இதுவரை படித்தவர்கள் நான் சூத்திரத்தின் கட்சி என்று நினைக்கக்கூடும். ஆனால் சூத்திரத்தின் குருட்டுத்தனம் பிராம்ப்டின் குறையைவிடச் சிறியதில்லை.

ஒரு நிறுவனம் தொழிலில் ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் லாபம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தை மதிப்பு 1,200 கோடி. பி.இ. 30, ஆகவே சூத்திரத்துக்குள் வராது. அந்த ஆண்டு பழைய ஆலை நிலத்தை விற்று 160 கோடி கூடுதல் லாபம் கிடைக்கிறது. மொத்த லாபம் 200 கோடி, பி.இ. 6. திடீரென்று அது சந்தையின் மிக மலிவான பங்குகளில் ஒன்றாகப் பட்டியலின் தலையில் ஏறிவிடும். தொழிலில் எதுவும் மாறவில்லை. சர்க்கரை, எஃகு போன்ற துறைகளில் விலை உச்சத்தில் இருக்கும் ஆண்டில் லாபமும் உச்சத்தில் இருக்கும், பி.இ. தாழ்ந்து தெரியும், அடுத்த ஆண்டே சரிவு தொடங்கலாம். வங்கிகளுக்கோ கடன்-மூலதன விகிதமே பொருந்தாது, அடுத்தவர் பணத்தை வாங்கிக் கடன் கொடுப்பதுதான் அவற்றின் தொழில்.

எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கதை இதில் உச்சம். ஏசியன் பெயின்ட்ஸ் பங்குகளைக் கையில் வைத்திருக்கும் இந்த நிறுவனத்தின் ஒரு பங்குக்கான புத்தக மதிப்பு லட்சங்களில் இருந்தபோது, பங்குச் சந்தையில் அதன் விலை 3 ரூபாய் 53 காசு என்று காட்டியது. விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள விகிதத்தால் சலித்தவர் எவருக்கும் அது இந்தியாவின் மிக மலிவான பங்கு. அந்த விலைக்கு விற்க ஆள்தான் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று இத்தகைய முதலீட்டு நிறுவனங்களுக்கென்று சிறப்பு ஏலம் நடத்தியபோது பங்கு ஒரே நாளில் 2,36,250 ரூபாயில் முடிந்தது. சூத்திரம் காட்டிய மலிவு உண்மை. அந்த விலைக்கு யாரும் விற்பதில்லை என்ற எளிய சங்கதியைக் கேட்கத்தான் சூத்திரத்தில் இடமில்லை.

எண்ணே பொய்யாக இருந்தால்? சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008-இல் நிர்வாக நெறிக்கான விருது பெற்ற நிறுவனம். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், 2008 செப்டம்பர் 30 நிலவரப்படி கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தக் காலாண்டு வருமானம் 2,700 கோடி என்று காட்டியிருந்தார்கள். உண்மையில் 2,112 கோடி. தொழில் லாபம் 649 கோடி என்று காட்டியது உண்மையில் 61 கோடி. பங்கு ஒரே நாளில் 179 ரூபாயிலிருந்து 40 ரூபாய்க்கு அருகில் வந்து விழுந்தது. ஜனவரி 6 அன்று யாராவது கடன், ரொக்கம், லாபம் ஆகிய எண்களை வைத்துச் சூத்திரம் போட்டிருந்தால் சத்யம் தடையில்லாமல் தேறியிருக்கும்: கடன் குறைவு, ரொக்கம் மலைபோல், லாபம் வளர்ச்சியில். சல்லடை அளவைத்தான் பார்க்கும். நல்ல கடலையின் அளவில் இருக்கும் சொத்தைக் கடலை அதில் தங்கிவிடும். இந்த இடத்தில்தான் வாசிக்கத் தெரிந்த கருவி தேவைப்படுகிறது.

மொழி மாதிரியின் பலம் வாசிப்பு. ஓர் ஆண்டறிக்கை 200, 300 பக்கம் ஓடும். முன்பாதி புகைப்படங்களும் தலைவரின் கடிதமும். உண்மை தங்கியிருப்பது பின்பாதியில், நிதி அறிக்கைக்கான குறிப்புகளில். ஸ்கிரீனரில் கட்டமாக வராத பல செய்திகள் அங்கே இருக்கும். வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ தரும் ஒரே வாடிக்கையாளர் இருந்தால் அதைச் சொல்ல வேண்டும் என்று இந்தியக் கணக்கு நெறி 108 கேட்கிறது. புரமோட்டர் குடும்பத்தின் வேறு நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல் வாங்கல் தனிக் குறிப்பாக வரும். வழக்கில் உள்ள வரி, கொடுத்த உத்தரவாதம் எல்லாம் நிகழக்கூடிய பொறுப்புகள் என்ற தலைப்பில் இருக்கும். வர வேண்டிய பாக்கி எத்தனை மாதம், எத்தனை ஆண்டு பழையது என்ற வயது அட்டவணை 2021-க்குப் பிந்தைய அறிக்கைகளில் கட்டாயம். மூன்று ஆண்டுகளுக்கு மேல் வராத பாக்கி ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது என்றால், லாபம் என்று எழுதியதில் ஒரு பகுதி கைக்கு வரப்போவதில்லை என்று பொருள். ஆர்.ஓ.சி.இ. 18 சதவீதம் என்ற எண்ணுக்குள் இது தெரியாது.

மன்பசந்த் பெவரேஜஸ் என்ற வதோதரா குளிர்பான நிறுவனத்தின் தணிக்கையாளர் 2018 மே மாதம், ஆண்டு முடிவுகள் வெளியாக இருந்த சில நாள்களுக்கு முன் விலகினார். கேட்ட விவரங்களை நிறுவனம் தரவில்லை என்பது காரணம். பங்கு நாளுக்கு நாள், ஒரு நாளில் விழ அனுமதிக்கப்பட்ட கீழ் வரம்புவரை விழுந்தது. விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை. அன்றைய எண்களில் இந்தச் செய்திக்கு ஒரு கட்டமும் இல்லை. பங்குச் சந்தைக்கு அனுப்பிய ஒரு கடிதத்தில் அது இருந்தது. இத்தகைய கடிதங்களையும் தணிக்கையாளர் குறிப்புகளையும் பத்து நிறுவனங்களுக்கு ஒருவர் உட்கார்ந்து படிக்க நாள்கணக்கில் ஆகும். மொழி மாதிரி படித்துக்கொடுத்தால் ஒரு மாலைப்பொழுதில் முடியும்.

ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. “இந்த நிறுவனம் நல்ல முதலீடா?” என்று கேட்டால் ஆண்டறிக்கையின் முன்பாதி நடையிலேயே பதில் வரும். நான் இப்படிக் கேட்பேன்: “இணைத்துள்ள இரண்டு ஆண்டுகளின் அறிக்கையை மட்டும் வைத்துப் பதில் சொல். தணிக்கையாளர் கருத்தில் சென்ற ஆண்டு இல்லாத வரி எது? சொந்தக்காரர் நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் எவ்வளவு கூடியது? மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட பாக்கி எவ்வளவு? லாபத்தில் ஒருமுறை மட்டும் வரும் வரவு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் பக்க எண்ணும், அந்த இடத்தில் உள்ள வாசகமும் கொடு. அறிக்கையில் இல்லையென்றால் இல்லை என்று சொல்.” நிலம் விற்ற 160 கோடி இந்த நான்காவது கேள்வியில் மாட்டிவிடும்.

பக்க எண் கேட்பது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வாசிப்பிலும் மாதிரி தவறும், அந்தத் தவறுகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. நட்டத்தை அடைப்புக்குறிக்குள் எழுதுவது கணக்கு வழக்கம், (38.20) என்பதை 38.20 லாபமாகப் படித்துவிடும். ஓர் அறிக்கை லட்சத்தில், இன்னொன்று கோடியில், மற்றொன்று மில்லியனில் எழுதப்பட்டிருக்கும்; 4,500 லட்சமும் 4,500 மில்லியனும் பத்து மடங்கு வித்தியாசம், ஒப்பிடும்போது அது நழுவும். தனி நிறுவனக் கணக்கும் துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கும் ஒரே பி.டி.எஃப்.பில் இருப்பதால், ஒன்றின் கடனை மற்றொன்றின் லாபத்தோடு சேர்த்துவிடும். நீண்ட ஆவணத்தின் நடுவில் இருக்கும் வரியை விட்டுவிடுவதும் உண்டு. சொன்னதைப் பக்கம் புரட்டிச் சரிபார்க்கலாம். சொல்லாமல் விட்டதைச் சரிபார்க்க வழி கடினம். அதனால் தணிக்கையாளர் அறிக்கையை மட்டுமாவது நாமே முழுவதும் படித்துவிடுவது நல்லது. அது ஒன்றும் பெரிய பாரம் இல்லை, சில பக்கங்கள்தான்.

இரண்டு வழிகளுக்கும் நடுவே நான் மிக முக்கியமாகக் கருதும் வேறுபாடு ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. சூத்திரத்தைக் கடந்த காலத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பியட்ரோஸ்கி தன் ஒன்பது கேள்விகளை 1976 முதல் 1996 வரையிலான அமெரிக்க நிறுவனங்களின் தரவில் ஓட்டினார். புத்தக மதிப்போடு ஒப்பிட விலை குறைந்த பங்குகளில் உயர் மதிப்பெண் பெற்றவற்றை மட்டும் பொறுக்கியிருந்தால், முதலீட்டாளரின் சராசரி வருவாய் ஆண்டுக்குக் குறைந்தது 7.5 சதவீதப் புள்ளி கூடியிருக்கும் என்று கண்டார். எதிர்காலத்தில் அப்படியே நடக்கும் என்று இதற்குப் பொருள் கிடையாது. அந்தப் பரீட்சையிலும் பள்ளங்கள் உண்டு. இன்று உயிரோடு இருக்கும் நிறுவனங்களை மட்டும் வைத்து ஓட்டினால், மூழ்கிப்போனவை கணக்கில் வராமல் சூத்திரம் அழகாகத் தெரியும். ஆனாலும் பரீட்சை வைக்க முடியும் என்பதே ஒரு பாதுகாப்பு.

மொழி மாதிரிக்கு அந்தப் பரீட்சையை வைப்பது கடினம், ஏனென்றால் அது விடைத்தாளை முன்பே படித்துவிட்டது. “2008 செப்டம்பரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சத்யத்தை மதிப்பிடு” என்று கேளுங்கள். ரொக்க இருப்பைப் பற்றி அது சந்தேகம் எழுப்பினால், அந்தச் சந்தேகம் அறிக்கையைப் படித்து வந்ததா, 2009-க்குப் பின் எழுதப்பட்ட ஆயிரம் கட்டுரைகளிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது. “என் பிராம்ப்ட் கடந்த ஐந்து ஆண்டுகளில் சந்தையை வென்றது” என்று யாராவது காட்டினால் முதலில் கேட்க வேண்டியது, மாதிரியின் பயிற்சி எந்தத் தேதியில் முடிந்தது என்பதைத்தான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பால் கிளாசர்மனும் கேடன் லின்னும் 2023-இல் இதைச் சோதித்தார்கள். செய்தித் தலைப்புகளைக் கொடுத்து, அவை பங்குக்கு நல்லதா கெட்டதா என்று ஜிபிடி மாதிரியைக் கேட்டார்கள். ஒருமுறை நிறுவனத்தின் பெயரோடு, ஒருமுறை பெயரை மறைத்து. பயிற்சிக் காலத்துச் செய்திகளில், பெயர் தெரிந்தால் பின்னால் நடந்ததை நினைவுகூர்ந்து மாதிரி நன்றாகச் செய்யும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். பெயரை மறைத்தபோதுதான் முடிவு நன்றாக இருந்தது. அந்த நிறுவனத்தைப் பற்றி மாதிரிக்கு முன்பே இருந்த பொது அறிவு, கண்முன் இருந்த செய்தியைப் படிக்கவிடாமல் கவனத்தைக் கலைத்தது என்று அவர்கள் விளக்கினார்கள். பெரிய நிறுவனங்களில் இந்தக் கலைப்பு அதிகம். புகழ்பெற்ற பெயர்களே பட்டியலில் திரும்பத் திரும்ப வருவதையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், பிராம்ப்டின் பலவீனம் எங்கே என்று விளங்கும்: நிறுவனத்தின் பெயர் நுழைந்தவுடன் அதன் புகழும் கூடவே நுழைந்துவிடுகிறது. சூத்திரத்துக்குப் பெயர் படிக்கத் தெரியாது, அதுவே அதன் காப்பு.

இப்போது சில கருவிகள் இரண்டையும் இணைக்கின்றன. நாம் தமிழில் சொன்னால் மாதிரி அதைச் சூத்திரமாக்கி, உண்மையான தரவில் ஓட்டிப் பட்டியல் தருகிறது. இது நல்ல வழி. சூத்திரம் எழுதப் பழகாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் “கடன் குறைந்த” என்று நாம் சொன்னதை 0.5 என்றோ 1 என்றோ முடிவுசெய்வது மாதிரி. “லாபம் கூடிவரும்” என்பது மூன்று ஆண்டா, பத்து ஆண்டா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது. அந்தச் சூத்திரத்தைத் திரையில் காட்டச் சொல்லி, ஒவ்வொரு எண்ணையும் நாம் ஒப்புக்கொண்ட பிறகே ஓட்ட வேண்டும். காட்ட முடியாது என்றால் அந்தக் கருவி எனக்கு வேண்டாம்.

பொறுப்பு யாருடையது என்பதும் ஒப்பிட வேண்டிய ஒன்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 டிசம்பரில் திருத்திய விதிகளின்படி, பதிவுபெற்ற ஆலோசகரோ ஆய்வாளரோ செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் அதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், அதன் விளைவுக்கு அவரே முழுப்பொறுப்பு. வீட்டில் உட்கார்ந்து பிராம்ப்ட் தட்டுபவருக்கு அப்படிப் பொறுப்பேற்க யாரும் இல்லை. சூத்திரத்திலும் இல்லைதான்; ஆனால் அங்கே தவறு எந்த எண்ணில் நடந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கலாம், அடுத்த முறை திருத்தலாம். பிராம்ப்ட் கொடுத்த பட்டியலில் தவறு எங்கே நடந்தது என்று தேட ஓர் இடமே இல்லை.

ஆகவே நான் வைத்திருக்கும் வரிசை இதுதான். உள்ளே எடுப்பது சூத்திரத்தின் வேலை, வெளியே தள்ளுவது பிராம்ப்டின் வேலை. 5,000-இலிருந்து 30-க்கு வர ஸ்கிரீனர், 30-இலிருந்து ஐந்துக்கு வர மொழி மாதிரியின் வாசிப்பு, அதுவும் “எதனால் வாங்கக் கூடாது?” என்ற ஒரே திசையில். தவறான காரணத்துக்காக ஒரு நல்ல பங்கைத் தள்ளிவிட்டால் ஒரு வாய்ப்புப் போகும், அவ்வளவுதான். வரிசையில் இன்னும் 29 இருக்கின்றன. தவறான காரணத்துக்காக ஒரு மோசமான பங்கை உள்ளே எடுத்தால் முதலே போய்விடும். பிழை செய்யக்கூடிய கருவியை, பிழையின் விலை குறைந்த பக்கத்தில் நிறுத்துகிறேன்.

வாசிக்கக் கொடுக்கும்போது ஆண்டறிக்கை முழுவதையும் ஏற்றாமல், தணிக்கையாளர் அறிக்கை, ரொக்க ஓட்டம், பாக்கி வயது அட்டவணை, சொந்தக்காரர் பரிவர்த்தனைக் குறிப்பு ஆகியவற்றை மட்டும் நகலெடுத்து, நிறுவனத்தின் பெயர் வரும் இடமெல்லாம் ‘நிறுவனம் அ’ என்று மாற்றிவிடலாம். புரமோட்டர் பெயரையும் துணை நிறுவனங்களின் பெயரையும் அப்படியே. எந்தச் சொல்செயலியிலும் தேடி மாற்றும் வசதி உண்டு, சில நிமிட வேலை. குறிப்பில் உள்ள ஊர்ப் பெயர், பிராண்டுப் பெயர் வழியாகவும் அடையாளம் கசியும், அவற்றையும் கவனிக்க வேண்டும். அதன் பிறகு வரும் பதிலில், கேள்விப்பட்ட புகழுக்கு இடம் குறைந்து, பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணுக்கு இடம் கூடும்.